சும்மா என்று எழுதிய கிண்ணம்

முப்பத்தெட்டு வயதில், வீட்டில் மருமகள் என்று ஒருத்தியும் இல்லாமலேயே அவளுக்கு மாமியார் என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தவர் ஆய்வகப் பொறுப்பாளர். அவரையும் யாரும் விட்டுவைக்கவில்லை. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதில் தெரியும் எண்ணைப் படித்து நோட்டில் எழுதிக்கொள்ளும் வியாதி அவருக்கு இருந்ததால், எல்லோருக்கும் அவர் மீட்டர் அண்ணா.

மாமியாரின் மருமகள்கள் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள். எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்த நரம்புச் செல்கள் ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் இளஞ்சிவப்பு நீருக்குள் ஒட்டிக்கொண்டு, கையைக் காலை நீட்டி வளர்ந்துகொண்டிருந்தன. அவை குடியிருந்த இன்குபேட்டர் சின்ன பீரோ அளவு இருக்கும். உள்ளே எப்போதும் முப்பத்தேழு டிகிரி. கதவை இன்று எத்தனை தடவை திறந்தார்கள் என்று காட்ட ஒரு சின்னத் திரையும் உண்டு. மற்றவர்கள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை திறப்பார்கள். இவளோ குட்டி போட்ட பூனை மாதிரி அதன் முன்னாலேயே நடந்துகொண்டிருப்பாள்.

"மேடம், நேத்து முப்பத்தொண்ணு" என்பார் மீட்டர் அண்ணா, காலை வணக்கத்துக்குப் பதிலாக.

"பார்த்துக்கணும்ல அண்ணா. திடீர்னு கிருமி ஏதாவது வந்துட்டா?"

"வந்தாலும் உங்களைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடும்."

அவள் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. செல்லுக்கு வெளியே கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு. ஆனாலும் நினைத்தபோது உள்ளே நுழைய முடியாது. செல்லின் மேல்தோலில் கால்சியத்துக்கென்றே சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. தோலின் மின்னழுத்தம் மாறினால்தான் அவை கண நேரம் திறக்கும். திறந்தவுடன் உள்ளே பாயும் கால்சியத்தை, வாசற்படியிலேயே காத்திருக்கும் கால்மோடுலின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். செய்தி அங்கிருந்து கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போய்ச் சேரும். உட்கருவில்தான் மரபணுக்கள் என்ற பெரிய புத்தகம் மூடிக் கிடக்கிறது. செய்தி வந்ததும் அதில் ஒரு பக்கம் திறந்து, நகல் எடுக்கப்பட்டு, அந்த நகலைப் பார்த்து ஒரு புதுப் புரதம் தயாராகும். அந்தப் புரதத்தின் மேல் பச்சைச் சாயத்தை ஒட்டவைத்தால், மைக்ரோஸ்கோப்பில் உட்கரு ஒவ்வொன்றும் விளக்கு ஏற்றியது போல ஒளிரும். வாசலில் தட்டினால் உள்ளே புத்தகம் திறக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதைக் காட்ட மூன்று வருஷமா என்று கேட்பவர்கள் ஆய்வகத்தில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை.

கிண்ணங்களின் மூடியில் அவள் தன் கையாலேயே பெயர் எழுதியிருந்தாள். பொட்டாசியம் உப்புக் கரைசல் சேர்த்தால் வாசல் திறக்கும் என்பதால் ஒன்றுக்கு 'உப்பு'. வாசலை அடைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதே உப்பைச் சேர்ப்பதற்குப் 'பூட்டு'. எதுவும் சேர்க்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருப்பதற்குச் 'சும்மா'. நியாயப்படி உப்பு ஒளிர வேண்டும். மற்ற இரண்டும் இருண்டு கிடக்க வேண்டும்.

மூன்றுமே ஒளிர்ந்தன.

ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. உப்பு ஒளிர்ந்ததில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. பூட்டுப் போட்ட வீட்டில் விளக்கெரிவதைக்கூட மருந்து சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் யாரும் எதுவும் செய்யாத சும்மா எதற்காக ஒளிர வேண்டும்? அந்தத் திங்கட்கிழமை பேராசிரியர் ஒன்பதாவது படத்தைப் பார்த்தார். அவர் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பெண்மணி.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மூணு படம் கொண்டு வாங்க. ஒண்ணு வெளிச்சம், ரெண்டு இருட்டு. வந்துச்சுன்னா உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம். வரலைன்னா இந்த மாசக் கடைசியில உங்க மேசையை வேற ஆளுக்குக் கொடுக்கணும். எனக்கும் வேற வழியில்லை."

"சரிங்க மேடம்" என்றாள் மாமியார். அறையை விட்டு வெளியே வந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணியைப் பார்த்தாள். பதினொன்று. உடனே போனை எடுத்துக் கணவனுக்குப் போட்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி, பதினைந்து மாடிக் கட்டடங்களில் விழாமலிருக்க இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று, கம்பிக் கயிறுகளையும் கதவுப் பூட்டுகளையும் சரிபார்ப்பது அவன் தொழில். கல்யாணமான பதினாலு வருஷமாகத் தினமும் மூன்று தடவை அவனுக்கு அவள் போன் போகும். பதினொரு மணிக்கு, "பெல்ட் போட்டீங்களா?" ஒரு மணிக்கு, "சாப்டீங்களா?" நாலு மணிக்குக் கேட்க எதுவும் இல்லாததால், "ஒண்ணுமில்லை, சும்மாதான்." கூட வேலை செய்பவர்கள் இதை வைத்து அவனை ஓட்டாத நாளே கிடையாது. பதினொன்று அடித்தால், "அண்ணே, அண்ணி லைன்ல வந்துட்டாங்க" என்று லிஃப்ட் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"பெல்ட் போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன். கடவுள்கூட இத்தனை தடவை என்னை விசாரிக்கறதில்லை. உன் மருமகளுங்க எப்படி இருக்காங்க?"

"மூணு பேரும் ஒண்ணா சேர்ந்து என் மானத்தை வாங்கறாங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

"அழாத. லிஃப்ட்ல யாரும் பட்டன் அமுத்தாமலே கதவு திறக்குதுன்னா, கதவு மேல சந்தேகப்பட மாட்டேன். யார் கை படுதுன்னு பார்ப்பேன்."

"என் கையைத் தவிர வேற யார் கையும் படலைங்க" என்று பெருமையோடு சொல்லிவிட்டு வைத்தாள். பாவம், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மத்தியானம் மீட்டர் அண்ணா இன்குபேட்டரைத் துடைக்க வந்தார். கீழ்த்தட்டில், தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால் கையை விட்டவர் ஒரு கிண்ணத்தை எடுத்தார். மூடியில் சும்மா என்று எழுதி, போன செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டிருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டு கிண்ணம் என்று எண்ணி எடுத்தவள், இந்தப் பதின்மூன்றாவதை மறந்தே போயிருந்தாள். ஆறு நாளாக யாரும் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஐயையோ, அனாதையா விட்டுட்டேனே!" என்று பதறினாள். "செத்திருக்கும். குப்பையில போட்டுடுங்க அண்ணா."

"செத்த பிள்ளையா இதுன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க."

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செத்தாவது! செல்கள் ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று, அவள் ஊட்டி வளர்த்தவற்றைவிட ஒரு சுற்று பெருத்து, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு சுகமாக இருந்தன. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கையோடு அவற்றை இருந்த நிலையிலேயே நிற்கும்படி மருந்து ஊற்றி உறைய வைத்து, சாயம் ஏற்றினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தபோது, ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. கும்மிருட்டு.

மூன்று வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த படம் அது. அவள் மறந்துபோன கிண்ணத்தில் கிடைத்திருக்கிறது.

மீட்டர் அண்ணா தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மேடம், கோவிச்சுக்கக் கூடாது. சோதனைக்கு முன்னால கிண்ணத்துக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"பழைய தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்துவேன். மூணு தடவை. எல்லாரும் ஒரு தடவைதான் பண்றாங்க, எனக்கு மனசு கேட்காது."

"சும்மாவுக்கு?"

"அதுக்கும்தான். ஒரு பிள்ளைக்குச் செஞ்சு இன்னொரு பிள்ளைக்குச் செய்யாம விடலாமா?" சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இன்குபேட்டரின் கதகதப்பிலிருந்து வெளியே எடுத்துக் குளிரில் வைக்கிறாள். பழைய நீரை உறிஞ்சுகிறாள். நரம்புச் செல்லைக் கிளப்பிவிடும் குளூட்டமேட் கலந்த புது நீரை ஊற்றுகிறாள். அதையும் மூன்று முறை. உப்பு எதற்கு? அவள் செய்த உபசாரத்திலேயே வாசல்கள் எல்லாம் திறந்து, செய்தி உள்ளே போய், புத்தகம் திறந்து, நகல் எடுக்கிற வேலையும் ஆரம்பித்திருக்கும். அதற்குப் பிறகு அவள் நிதானமாகப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் தொட்டதுதான்" என்றாள் மெதுவாக. "சும்மாவை நான் சும்மாவே விடலை."

"முப்பத்தொரு தடவை" என்றார் மீட்டர் அண்ணா, நோட்டைப் பார்த்து.

இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். புதிதாக மூன்று கிண்ணம். செவ்வாய் சாயங்காலம் கடைசியாக ஒரு முறை நீர் மாற்றுவது. அதன்பிறகு வியாழன் நாலு மணி வரைக்கும் கதவையே திறக்கக் கூடாது. நாலு மணிக்கும் நீரை மாற்றாமல், பூட்டுக்கு மருந்தும் மற்ற இரண்டுக்கும் மருந்தில்லாத துளியும், பிறகு உப்புக்கும் பூட்டுக்கும் பொட்டாசியத் துளி, சும்மாவுக்கு அதே அளவு, வாசலைத் திறக்காத சாதாரணச் சமையல் உப்புத் துளி என்று பட்டும் படாமலும் விட்டுவிட வேண்டும். திட்டம் சுலபம். அதில் ஒரே ஒரு கஷ்டம்தான் இருந்தது, அந்தக் கஷ்டம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"நீங்க ரெண்டு நாள் லீவு போடுங்க மேடம்" என்றார் மீட்டர் அண்ணா. "கண்ணாடி வழியா பார்க்கறேன்னு வருவீங்க. அப்புறம் லேசா ஒரு தடவைன்னு ஆரம்பிப்பீங்க. எனக்குத் தெரியாதா?" இன்குபேட்டர் கதவின் குறுக்கே டேப் ஒட்டி, அதன் மேல் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார்.

புதன்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்த மாமியாருக்குப் புத்தி வந்தது. புத்தி வந்தவர்கள் அதை ஓரிடத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. கிண்ணங்களை மூன்று வருஷம் தொந்தரவு செய்திருக்கிறேன், இந்த மனுஷனைப் பதினாலு வருஷமாகச் செய்திருக்கிறேனே என்று யோசித்தாள். எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறான்! கூட இருப்பவர்கள் எத்தனை சிரித்திருப்பார்கள்! பதினொரு மணி ஆனது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினாள். ஒரு மணிக்கு ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தாள். நாலு மணிக்குத் துடைத்த கண்ணாடிகளையே இன்னொரு தடவை துடைத்தாள்.

சாயங்காலம் கணவன் வந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு உன் போனே வரலையே?" என்றான்.

"இனிமே வராதுங்க. உங்களை நிம்மதியா விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்பாடா!" என்றான் அவன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். "ஆமா, இன்னிக்கு ரொம்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு." அவள் அதை அப்படியே நம்பினாள். சாப்பிடும்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அவள் மனம் முழுக்க இன்குபேட்டரில் இருந்தது.

வியாழக்கிழமையும் பதினொன்று வந்து போனது. ஒன்றும் வந்து போனது. மூன்றரைக்கு, ஆய்வகம் கிளம்ப அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கணவன் நின்றிருந்தான். வேலை நேரத்தில், யூனிஃபார்மோடு, இடுப்பில் பெல்ட்டின் கொக்கி தொங்க.

"என்னங்க ஆச்சு? இந்த நேரத்துல?"

"உனக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லு முதல்ல" என்றான். குரலில் கோபம் இருந்தது, ஆனால் முகம் வெளிறியிருந்தது. உள்ளே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "பதினோரு மணிக்குப் பெட்டி மேல ஏறினேன். ஏழாவது மாடி வரைக்கும் போயிட்டேன். கயித்தைப் பிடிக்கறதுக்குக் குனிஞ்சப்பதான் பார்க்கறேன், கொக்கியை மாட்டவே இல்லை. பெல்ட்டு சும்மா தொங்குது."

அவளுக்கு உயிரே போய் வந்தது. "ஐயோ! ஏங்க, எப்பவும் மாட்டுவீங்களே?"

"எப்பவும் நீ கேட்பியே! நீ கேட்பே, நான் போட்டேன்னு சொல்லிக்கிட்டே கையை வெச்சுத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டுப் பார்த்துட்டுத்தான் மேல ஏறுவேன். பதினாலு வருஷமா அப்படித்தான். நேத்து எப்படியோ ஞாபகம் வந்துடுச்சு. இன்னிக்கும் நீ கேட்கலை. எனக்குள்ள அந்தக் கையே எழும்பலை." பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். "சாப்பாடும் டப்பாவோட அப்படியே இருக்கு. பசிச்சுதான்னே தெரியலை."

"நேத்து நிம்மதியா இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"சொல்லுவேன். பின்ன, ஏன்டி கூப்பிடலைன்னு அழவா முடியும்?"

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே அவனைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். மருமகள்களோடு புருஷனையும் சேர்த்து ஒரே தட்டில் அடுக்கிய முட்டாள்தனத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிண்ணத்தை நாலு மணிக்குத் தொட வேண்டும் என்பது நினைவு வந்தபோது மூன்று ஐம்பது. ஆய்வகம் பத்து நிமிஷ நடை.

"போ, போ. மூணு வருஷ வேலை" என்று அவனே தள்ளிவிட்டான். "ஒரு துளிகூடச் சிந்தாம ஊத்து."

ஓட்டமும் நடையுமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் துளிகள் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. டேப்பைக் கிழித்த மீட்டர் அண்ணா திரையைப் படித்து நோட்டில் எழுதினார்: இரண்டு நாள், பூஜ்யம். ஒன்றரை மணி நேரம் கழித்துச் செல்களை உறைய வைத்து, சாயம் ஊற்றி மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பேராசிரியர் இருட்டறைக்கே வந்துவிட்டார். திரையின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் முதல் கிண்ணத்தை வைத்தாள். உப்பு. திரை முழுக்கப் பச்சை விளக்குகள், ஊரே விழித்துக்கொண்டது போல. பேராசிரியர் அடுத்ததை வைக்கச் சொல்லிக் கையசைத்தார். இது எப்போதும் வருவதுதான்.

அடுத்தது பூட்டு. இருட்டு. ஓரத்தில் ஒன்றிரண்டு மங்கல் புள்ளிகள், அவ்வளவே. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

மூன்றாவதை வைக்கும்போது மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறக்கவும் பயம். கடைசியில் மீட்டர் அண்ணாதான், "மேடம், கண்ணைத் திறங்க. திறந்தாலும் இருட்டாத்தான் இருக்கு" என்றார்.

சும்மா இருண்டு கிடந்தது. எல்லா உட்கருவையும் காட்டும் நீலச் சாயத்தில் பார்த்தால் செல்கள் அத்தனையும் குலையாமல், வரிசையாக இருக்கின்றன. பச்சையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு புத்தகமும் திறக்கவில்லை.

பேராசிரியர் மூன்று படங்களையும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்தார். வேறு இடத்தைக் காட்டச் சொன்னார். அங்கும் இருட்டு. அப்புறம் பையிலிருந்து அவளுடைய வேலையை நீட்டிக்கும் தாளை எடுத்து மேசையோரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு வருஷம்" என்றார். "ஒன்பது தடவை வராதது இப்ப எப்படி வந்துச்சு? என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை மேடம்."

"அதுதான் உங்களுக்குக் கஷ்டமாச்சே" என்று பேராசிரியர் சிரித்தார். அவர் சிரித்ததை அந்த ஆய்வகத்தில் முன்பு யாரும் பார்த்ததில்லை. "இதை எழுதி வெச்சுக்கங்க. இனிமே எல்லாரும் தொடாம விட்டே செய்யட்டும்."

நன்றி சொல்ல வாயெடுத்தவளின் கண் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. மணி பதினொன்று ஐந்து.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றவள், தாளை அங்கேயே விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். போன் ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, அவன் எடுத்துவிட்டான்.

"பெல்ட் போட்டீங்களா?" என்றாள் மூச்சிரைக்க.

"அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றான் அவன். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "பெல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷமா கீழேயே நிக்கிறேன். எப்படிப் போடறது, நீ இன்னும் கேட்கலையே?"